அடுத்த வருஷம் பார்!

1934-ம் வருஷம், ஜனவரி மாதம். நியூயார்க் நகரில் பத்திரிகை நிருபர்கள் சிலர் பில் டெரி என்பவரைச் சூழ்ந்துகொண்டார்கள். டெரி, ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் கோஷ்டியின் மானேஜர். களத்தில் இறங்கி ஆடுகிறவரும் அவரே. முந்தின வருஷம்தான் அவருடைய கோஷ்டி உலகப் பட்டத்தை ஜயித்திருந்தது. ஜயித்தவனிடம் போய்த்தான் எதிர்காலத்தைக் கேட்க வேண்டும் என்பது உலகத்தாரின் எண்ணம். வரப்போகிற ஸீஸனில் யார் யார் போட்டிக்கு வருவார்கள் என்று கேட்டார்கள். டெரி சில ஊர்களின் பெயரைச் சொன்னார். புரூக்ளின் எப்படி என்று கேள்வி வந்தது.

"புரூக்ளினா? அந்த ஊர் இன்னும் லீகில் இருக்கிறதா என்ன?" என்றார் டெரி.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அது பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. அச்சில் ஏறிய வேடிக்கையில் சிரிப்பு வற்றிப்போய் முள் மட்டும் மிஞ்சும். எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது அனுபவப் பாடம். புரூக்ளின் ஜனங்கள் அந்தக் கேள்வியை மறக்கவே இல்லை. அதற்கு அவர்கள் அந்த வருஷமே ஒரு பதில் சொன்னார்கள். வெகு காலம் கழித்து, யாரும் கேளாமலே இன்னொரு பதிலும் வந்தது.

நான் பேஸ்பால் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் அல்ல. என்னை இந்தச் சரித்திரத்துக்குள் இழுத்தது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்த ஊர் ரசிகர்கள் வருஷந்தோறும் சொல்லிவந்த ஜோசியம்.

அந்தக் காலத்து ஏற்பாடு எளிதானது. எட்டெட்டுக் கோஷ்டிகளாக இரண்டு லீக். ஏப்ரல் நடுவில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரையில் ஒவ்வொரு கோஷ்டியும் 154 ஆட்டம் ஆட வேண்டும். லீகில் முதலாவதாக வந்தவர்களுக்குக் 'கொடி' கிடைத்தது என்பார்கள். இரண்டு லீகிலும் கொடி பிடித்தவர்கள் அக்டோபரில் மோதுவார்கள். முதலில் நாலு ஆட்டம் ஜயித்தவர்களுக்கு உலகப் பட்டம். அதோடு மட்டையைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான். அப்புறம் பனிக்காலம். ரசிகனுக்குப் பேச்சு ஒன்றுதான் மிச்சம். க்ஷவரக் கடையிலும் சாராயக் கடையிலும் ரயில் வண்டியிலும் அடுத்த ஸீஸனைப் பேசிப் பேசியே குளிர் காய்வார்கள். பிப்ரவரி பிற்பாதியில் ஆட்டக்காரர்கள் வெயிலைத் தேடித் தெற்கே பயிற்சிக்குப் போவார்கள். அங்கிருந்து வருகிற செய்திகளில் கிழவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி தீர்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்களெல்லாம் சூரர்களாயிருப்பார்கள். முதல் ஆட்டத்தன்று காலையில் பதினாறு கோஷ்டியும் சமம். ஜயம் பூஜ்யம், தோல்வி பூஜ்யம். சித்திரை முதல் தேதி பஞ்சாங்கம் படிக்கிறபோது, 'இந்த வருஷம் மழை இத்தனை மரக்கால்' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா? போன வருஷம் பொய்த்துப் போனதை அந்த நேரத்தில் யாராவது எடுத்துச் சொல்கிறார்களா? அந்த மாதிரிதான்.

புரூக்ளினுக்கு இந்த ஜோசியத்தில் மற்ற ஊர்களைவிட அக்கறை அதிகம். அதற்குக் காரணம் உண்டு. 1898 வரையில் அது தனி நகரம். பிறகு நியூயார்க்கோடு சேர்த்துவிட்டார்கள். சேரலாமா, வேண்டாமா என்று 1894ல் ஜனங்களிடம் ஓட்டு எடுத்தார்கள். புரூக்ளினில் ஏறக்குறைய 1,29,000 பேர் ஓட்டுப் போட்டதில், சேரலாம் என்ற கட்சி ஜயித்தது வெறும் 277 ஓட்டில். பாதி ஊருக்கு மனமில்லாமல் நடந்த கல்யாணம் என்று சொல்லலாம். புக்ககம் போன பெண், பிறந்த வீட்டுப் பெயர் வெட்டிய ஒரு பாத்திரத்தை எடுத்து எடுத்துத் துலக்குவாள். புரூக்ளினுக்கு அந்தப் பாத்திரம் பேஸ்பால் கோஷ்டி. அதன் பெயரிலே 'புரூக்ளின்' இருந்தது. 'டாட்ஜர்ஸ்' என்பது செல்லப் பெயர். தெருவெல்லாம் ஓடிய டிராம் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தப்பி நடக்கிறவர்கள் என்று அர்த்தம்.

அவர்கள் ஆடிய எபெட்ஸ் பீல்ட் மைதானம் 1913ல் திறக்கப்பட்டது. 32,000 பேர் உட்காரலாம், நெருக்கியடித்துக்கொண்டுதான். முன் வரிசையில் இருப்பவன் ஆட்டக்காரனைப் பெயர் சொல்லித் திட்டினால் அது அவன் காதில் விழும். ஹில்டா செஸ்டர் என்று ஒரு ஸ்திரீ. அவள் கையில் மாட்டு மணியை வைத்துக்கொண்டு ஆட்டம் முழுவதும் ஆட்டிக்கொண்டிருப்பாள். கோஷ்டியின் ஆட்டமும் அதற்குத் தகுந்தாற்போல்தான் இருந்தது. 1926 ஆகஸ்டில் ஓர் ஆட்டத்தில், டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஓடிவந்து ஒரே சமயத்தில் ஒரே மூலையில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தார்கள். பிற்காலத்தில் வில்லார்ட் முல்லின் என்ற சித்திரக்காரர் இந்தக் கோஷ்டியைக் கந்தல் சட்டை போட்ட ஊர்சுற்றியாக வரைந்தார். புரூக்ளின்காரர்களுக்குக் கோபம் வரவில்லை. "எங்கள் உருப்படாத பயல்கள்" என்று அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். நம் பிள்ளையை நாம் திட்டலாம். அடுத்த வீட்டுக்காரன் திட்டக் கூடாது. டெரி அடுத்த வீட்டுக்காரர்.

1934 செப்டம்பர் முதல் வாரத்தில் டெரியின் ஜயன்ட்ஸ் ஏழு ஆட்டம் முன்னால் இருந்தது. பிறகு சறுக்க ஆரம்பித்தது. கடைசி இரண்டு ஆட்டங்கள் பாக்கி இருக்கையில், செயின்ட் லூயிஸ் கோஷ்டியும் ஜயன்ட்ஸும் சரிக்குச் சரியாக நின்றன. அந்த இரண்டு ஆட்டமும் யாரோடு? புரூக்ளினோடு! டாட்ஜர்ஸ் அப்போது ஆறாவது இடத்தில் இருந்தது. அதற்குக் கொடியும் இல்லை, கோமணமும் இல்லை. ஆனால் அதன் ரசிகர்கள் கூட்டமாகக் கிளம்பி, டெரியின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸுக்கே போய் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை 5க்கு 1. ஞாயிற்றுக்கிழமை பத்தாவது இன்னிங்ஸ் வரை போய் 8க்கு 5. இரண்டிலும் புரூக்ளின் ஜயித்தது. கொடி செயின்ட் லூயிஸுக்குப் போயிற்று. அந்த வருஷம் புரூக்ளின் மானேஜர் கேஸி ஸ்டெங்கல் என்பவர். ஆறாவது இடத்தில் வந்த மானேஜரை அந்த ஊர் கொண்டாடியது என்றால், ஜயம் என்பதற்கு அந்த ஊர் அகராதியில் வேறு அர்த்தமும் இருந்தது என்று தெரிகிறது.

இது முதல் பதில். லீகில் இருக்கிறோம் என்று காட்டியாகிவிட்டது. இனி ஜயிக்க வேண்டும்.

1941ல் கொடி கிடைத்தது. உலகப் பட்டத்துக்கு எதிரி யாங்கிஸ். அதே நியூயார்க்கில், பிராங்ஸ் பகுதியில் இருக்கிற பணக்காரக் கோஷ்டி. நாலாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் புரூக்ளின் 4க்கு 3 என்று முன்னால் இருந்தது. எதிரியின் கடைசி ஆள் மட்டையை வீசினான், பந்து படவில்லை. ஆட்டம் முடிந்தது. முடிந்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த மிக்கி ஓவன் என்ற கேட்சரின் கைக்கு அந்தப் பந்து அகப்படாமல் நழுவி ஓடிற்று. அப்படி நழுவினால் அடித்தவன் ஓடலாம் என்பது விதி. அவன் ஓடினான். அந்த ஓட்டத்திலிருந்து நாலு ரன் முளைத்தது. 7க்கு 4 என்று யாங்கிஸ் ஜயித்தது. மறுநாள் பட்டமும் போயிற்று.

"அடுத்த வருஷம் பார்!" என்றது புரூக்ளின். அந்த வார்த்தை பிறகு அந்த ஊரின் வழக்காகவே ஆகிவிட்டது. எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் 'தொடரும்' என்று போட்டுக் காலம் தள்ளுகிறவன் நான். அந்த ஒரு சொல்லில் எத்தனை கடனை மறுவாரத்துக்குத் தள்ளலாம் என்று எனக்குத் தெரியும்.

1947 வசந்தத்தில் புரூக்ளினைப் பற்றி உலகமே ஜோசியம் சொல்லிற்று. காரணம் ஜாக்கி ராபின்ஸன். அறுபது வருஷத்துக்கு மேலாகக் கறுப்பர் எவரையும் பெரிய லீகில் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள். அந்தக் கதவைப் புரூக்ளின் திறந்தது. விஷயம் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கினவர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் பெரிய லீகில் நிலைப்பது ஆயிரத்துக்கு ஒன்று என்று நியூயார்க் பத்திரிகைக்காரர் ஒருவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். போதாக்குறைக்கு, ஸீஸன் தொடங்க ஒரு வாரம்கூட இல்லாதபோது மானேஜர் லியோ டியூரோச்சரை அந்த வருஷம் முழுவதற்கும் விலக்கி வைத்துவிட்டார்கள். கணித்து வைத்த ஜாதகமெல்லாம் தலைகீழ். ஏப்ரல் 15-ம் தேதி எபெட்ஸ் பீல்டில் ராபின்ஸன் இறங்கினார். எதிர்க் கோஷ்டிகளின் வாயிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்த வருஷம் அவருடைய அடிக்கணக்கு .297. லீகிலேயே அதிகமாக 29 தளங்களைத் 'திருடி' ஓடினார். சிறந்த புதுமுகத்துக்கென்று முதன் முதலாக ஏற்படுத்தின பரிசும் அவருக்கே. எபெட்ஸ் பீல்டுக்கு அந்த வருஷம் 18 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். கொடியும் வந்தது. உலகப் பட்டம்? ஏழாவது ஆட்டம் வரை போய் யாங்கிஸிடம் தோல்வி. அடுத்த வருஷம் பார்!

1949ல் மறுபடி யாங்கிஸ். 1950ல் கடைசி நாள் ஆட்டத்தில் கொடி நழுவிற்று. 1951 இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வருஷம் டெரியின் பாவத்தைப் புரூக்ளினே செய்தது. ஆகஸ்டில் டாட்ஜர்ஸ் 13 ஆட்டம் முன்னால் நின்றது. "ஜயன்ட்ஸ் செத்தாச்சு" என்றார் புரூக்ளின் மானேஜர் சார்லி டிரெஸன். இலக்கணப் பிழையோடு சொன்னார். அதனால் அந்த வாக்கியம் இன்னும் சிரஞ்சீவியாக இருக்கிறது. செத்த கோஷ்டி கடைசி 44 ஆட்டங்களில் 37ஐ ஜயித்தது. ஸீஸன் முடிவில் இரண்டும் சமம். மூன்று ஆட்டம் வைத்தார்கள். அக்டோபர் 3-ம் தேதி, மூன்றாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் அடிக்க வரும்போது புரூக்ளின் 4, ஜயன்ட்ஸ் 1. கொஞ்ச நேரத்தில் பாபி தாம்ஸன் பந்தைத் தூக்கி ஜனங்களுக்கு நடுவே அடித்தார். 5க்கு 4. ஜயன்ட்ஸ் தங்கள் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரிகளின் சைகைகளைத் திருடினார்கள் என்ற உண்மை 2001ல் பத்திரிகையில் விவரமாக வெளிவந்தது. ஐம்பது வருஷம் கழித்து நியாயம் கிடைத்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

1952ல் கொடி, யாங்கிஸிடம் தோல்வி. 1953ல் 105 ஆட்டம் ஜயித்துக் கொடி, யாங்கிஸிடமே தோல்வி. யாங்கிஸிடம் மட்டும் ஐந்து தடவை. அந்த ஐந்திலும் களத்தில் நின்றவர் பீ வீ ரீஸ் என்ற ஆட்டக்காரர். சம்பளம் வாங்குகிற அவருக்காவது ஒரு நியாயம் இருந்தது. கைக்காசு கொடுத்து டிக்கட் வாங்கி, ஒவ்வொரு ஏப்ரலிலும் "இந்த வருஷம் நாம்தான்" என்று சொன்னவர்களை என்னவென்பது? அசடுகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஜோசியம் சொன்னதாகவே நான் நினைக்கவில்லை. 'இந்த வருஷமும் நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1955 ஜனவரி 28-ம் தேதி புரூக்ளினுக்கு ஒரு துக்கம் நேர்ந்தது. 1841லிருந்து நடந்துவந்த 'ஈகிள்' என்ற அதன் சொந்த நாளிதழ், ஒரு வேலைநிறுத்தத்தைத் தாங்க முடியாமல் மூடப்பட்டது. கவி வால்ட் விட்மன் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்த பத்திரிகை அது. வருஷா வருஷம் புரூக்ளினின் தோல்வியை அச்சடித்த அந்தப் பத்திரிகைக்கு, இன்னும் எட்டே எட்டு மாதம் ஆயுள் கெட்டியாயிருந்திருக்கக் கூடாதா?

அந்த ஏப்ரலில் டாட்ஜர்ஸ் முதல் பத்து ஆட்டங்களையும் வரிசையாக ஜயித்தது. முதல் 24 ஆட்டத்தில் 22 வெற்றி. செப்டம்பர் 8-ம் தேதியே கொடி கைக்கு வந்துவிட்டது. எதிரி வழக்கம்போல் யாங்கிஸ். அக்டோபர் 4-ம் தேதி, ஏழாவது ஆட்டம், யாங்கிஸ் மைதானத்தில். பந்து எறிய வந்தவர் ஜானி போட்ரெஸ். நாலு நாளைக்கு முன்னால்தான் 23 வயது நிரம்பியவர். கில் ஹாட்ஜஸ் இரண்டு ரன் சேர்த்துக் கொடுத்தார். ஆறாவது இன்னிங்ஸில் யாங்கிஸ் ஆட்டக்காரர் யோகி பெர்ரா, இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கையில், பந்தை இடது மூலைக்கு உயர அடித்தார். ஸாண்டி அமரோஸ் என்ற கியூபாக்காரர் அந்த இன்னிங்ஸில்தான் அந்த இடத்துக்கு மாற்றாக வந்து நின்றவர். இடதுகைக்காரர், ஆகையால் பிடிக்கும் உறை வலது கையில். ஓடு ஓடென்று ஓடி அந்த வலது கையை நீட்டினார். பந்து அதில் வந்து உட்கார்ந்தது. 1941ல் ஒரு கையிலிருந்து நழுவின பந்து 14 வருஷம் உருண்டு இந்தக் கைக்கு வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றும். 2க்கு 0. கடைசிப் பந்தைப் பொறுக்கி எறிந்தவர் அதே பீ வீ ரீஸ். அன்றிரவு புரூக்ளின் தெருக்களில் கார்கள் ஊதிக்கொண்டே போயின, ஜனங்கள் தூங்கவில்லை. வெகு நாளாக எதிர்பார்த்த அடுத்த வருஷம் வந்துவிட்டது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் எழுத ஆரம்பித்த காலத்தில் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி பிறந்த வீட்டுக்குத் திரும்புவாளா, மாட்டாளா என்ற கட்டம். வாசகர்களிடமிருந்து வாரம் பத்துப் பதினைந்து கடிதம் வரும். திரும்புவாள் என்று சிலர், கூடாது என்று சிலர், கிணற்றில் விழுவாள் என்று ஓர் அம்மாள். எல்லாக் கடிதத்தையும் படித்து, எவருடைய ஜோசியத்தையும் பொய்யாக்குகிற மாதிரி ஒரு முடிவை யோசித்து வைத்திருந்தேன். இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் 'தொடரும்' என்று போட்டேன். மறுவாரம் பத்திரிகையே வரவில்லை. நின்றுபோயிற்று. அத்தனை கடிதத்தில் ஒன்றாவது, ஆசிரியனான நானாவது, அந்த முடிவை நினைத்துப் பார்த்தோமா? கடைக்குப் போனபோது காகித விலை ஏறினதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின மாதமே பக்கங்கள் குறைந்திருந்ததைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் என் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

புரூக்ளினிலும் பக்கங்கள் குறைந்துகொண்டுதான் இருந்தன. 1953ல் பாஸ்டனிலிருந்த பிரேவ்ஸ் கோஷ்டி மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த வருஷமே அங்கே 21 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். உலகப் பட்டம் ஜயித்த 1955ல் எபெட்ஸ் பீல்டுக்கு வந்தவர்களோ பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம். மைதானத்தில் ஏறக்குறைய 700 கார்கள் நிறுத்தத்தான் இடம். புரூக்ளினில் வளர்ந்த பிள்ளைகள் லாங் ஐலண்ட் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டிராம் ஏறி வந்த அப்பாவின் பிள்ளை கார் வைத்திருந்தான். முதலாளி வால்டர் ஓமாலி, அட்லாண்டிக் அவென்யூவும் பிளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கிற இடத்தில் சொந்தச் செலவில் புது மைதானம் கட்டுவதாகவும், நிலத்தை நகரம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். நியூயார்க்கின் கட்டுமானங்களையெல்லாம் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோஸஸ் மறுத்தார். வேண்டுமானால் குவீன்ஸ் பகுதியில் இடம் இருக்கிறது என்றார். குவீன்ஸ் புரூக்ளின் ஆகுமா? யார்மேல் குற்றம் என்று அமெரிக்காவில் இன்றும் வழக்காடுகிறார்கள். ஓமாலியைச் சபித்தவர்களே அதிகம். வியாபாரி வியாபாரம் பண்ணினான், அதிகாரி அதிகாரம் பண்ணினான். நான் இருவரையும் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

1955 ஆகஸ்ட் 16-ம் தேதி, டாட்ஜர்ஸ் கொடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நடு ஓட்டத்தில், ஓமாலி ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: அடுத்த வருஷம் ஏழு ஆட்டங்களை ஜெர்ஸி நகரத்தில் ஆடப்போகிறோம். அடுத்த வருஷம்! 'பார், பார்' என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தழும்பேறின அதே சொல் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்திருந்தது. ஊர் அன்றைக்கும் எத்தனை ஆட்டம் முன்னால் இருக்கிறோம் என்ற கணக்கைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

1956ல் மறுபடி கொடி, மறுபடி யாங்கிஸிடம் தோல்வி. 1957ல் மூன்றாவது இடம். விபரீதம் நடக்கப்போகிறது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டாட்ஜர்ஸைப் புரூக்ளினிலேயே வைத்திருங்கள் என்று கையெழுத்து வாங்கினார்கள். சட்டையில் வில்லை குத்திக்கொண்டார்கள். செப்டம்பர் 24-ம் தேதி எபெட்ஸ் பீல்டில் கடைசி ஆட்டம். பிட்ஸ்பர்க்கை 2க்கு 0 என்று ஜயித்தார்கள். உலகப் பட்டம் வாங்கின அதே கணக்கு. வந்திருந்தவர்கள் 6,702 பேர். ஆர்கன் வாசிக்கும் கிளாடிஸ் குடிங் அம்மாள் பிரிவுப் பாட்டுகளாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். அக்டோபர் 8-ம் தேதி, கோஷ்டி லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறது என்ற செய்தியை முறைப்படி அறிவித்தார்கள். டெரியின் ஜயன்ட்ஸும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு மூட்டை கட்டிற்று. சண்டைக்காரர்கள் இருவரும் ஒரே வண்டியில் ஊரை விட்டுப் போன மாதிரி.

1958 ஏப்ரல் 15-ம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் அந்த இரண்டு கோஷ்டிகளும் மோதின. ஜயன்ட்ஸ் 8, டாட்ஜர்ஸ் 0. ராபின்ஸன் முதன் முதலாக எபெட்ஸ் பீல்டில் இறங்கியதும் ஓர் ஏப்ரல் 15-ம் தேதியில்தான். மறுநாள் பத்திரிகைகளில் லீகின் எட்டு ஊர்களின் பெயரும் வரிசையாக வந்திருக்கும். டெரி கேட்ட கேள்விக்கு 24 வருஷம் கழித்துப் பதில் அந்த வரிசையில் இருந்தது.

1960 பிப்ரவரியில் எபெட்ஸ் பீல்டை இடித்தார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்கு வெள்ளை அடித்து, சிவப்புத் தையல் வரைந்து, பேஸ்பால் மாதிரியே ஆக்கியிருந்தார்கள். யாருக்கு வந்த யோசனையோ! அந்த இடத்தில் பெரிய பெரிய அடுக்குமாடி வீடுகள் எழும்பின. குழந்தைகள் நிறைந்த குடியிருப்பு. அதன் சுவரில் பிறகு ஒரு பலகை மாட்டினார்கள்: 'இங்கே பந்து விளையாடக் கூடாது.'